பட்டை வந்த மலை: தோல் நகரங்களும் 1882ஆம் ஆண்டு வனச் சட்டமும்

மேல்விஷாரம், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. பாலாற்றையும் அதன் கிளைகளையும் ஒட்டிய இந்த ஊர்களை நாடு தோலின் பெயரால் அறிந்திருக்கிறது. இந்தத் தொழிலின் வரலாற்றை எழுதியவர்கள் வணிகக் குடும்பங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். குழியில் இறங்கி உழைத்த தலித் தொழிலாளர்களைப் பற்றியும், கழிவுநீரால் கெட்ட ஆற்றைப் பற்றியும் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. தோலைப் பதப்படுத்திய பட்டையும் காயும் எந்த நிலத்தில் விளைந்தன, அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியை அதிகம் பேர் கேட்டதில்லை.

ஐரோப்பியர் உலகைப் பிடித்த கதையில் பழங்குடிகள் என்றதும் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. வேலூருக்குத் தெற்கே ஜவ்வாது மலையிலும், ஜோலார்பேட்டைக்கு அருகே ஏலகிரியிலும், ஆற்காட்டைச் சுற்றிய ஏரிக்கரைகளிலும் அதே கதைக்கு ஒரு கிளை உண்டு. இங்கே மலையைப் பிடிக்கப் பெரிய போர் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு சட்டமும், ஓர் அறிவிக்கையும், சில மாதக் கெடுவும் போதுமானவையாக இருந்தன. அந்தச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது என்பதால் இது பழங்கதை அல்ல.

குழியில் நடந்த வேலை

குரோமியத்தால் பதனிடும் முறை வருவதற்கு முன், தோல் ஷாப்புகள் எனப்படும் பதனிடும் கூடங்களில் வேலை எப்படி நடந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலை நீரில் ஊறவைத்து, பிறகு சுண்ணாம்புக் குழியில் பல நாள் போட்டு வைப்பார்கள். மயிர்க்கால் தளர்ந்ததும் வளைந்த மரத்தின் மேல் தோலை விரித்து, மழுங்கிய கத்தியால் மயிரை வழிப்பார்கள். கூரிய கத்தியால் உட்புறத்துச் சதையைச் சீவுவார்கள். சுண்ணாம்பு போகக் கழுவிய பின்தான் பட்டைக் குழி. இடித்த ஆவாரம் பட்டையை நீரில் ஊறவைத்து எடுத்த சாற்றில் தோல் கிடக்கும். முதலில் ஏற்கெனவே பயன்பட்ட நீர்த்த சாறு, அடுத்துக் கொஞ்சம் காரமான சாறு, கடைசியில் புதுச் சாறு. ஆரம்பத்திலேயே காரமான சாற்றில் போட்டால் மேற்பரப்பு மட்டும் பதமாகி உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். ஆகவே வாரக்கணக்கில் தோலை ஏற்றி இறக்கி, மாற்றி மாற்றிப் போட வேண்டியிருந்தது.

ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். அதைத் தடுக்கக் கடைசியாகக் கடுக்காய்ச் சாற்றில் முக்கி எடுப்பார்கள். தோலுக்கு வெளிறிய மஞ்சள் நிறமும் மினுமினுப்பும் வந்துவிடும். பிறகு எண்ணெய் தடவி, நிழலில் உலர்த்தி, மடித்துக் கட்டினால் சரக்கு தயார். ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் இது சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் ஏலச் சந்தைக்குப் போனது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைக்குக் காலணி செய்ய இந்தத் தோலை அரசே மொத்தமாகக் கொள்முதல் செய்தது.

ஆவாரை வறண்ட சமவெளியின் செடி. மானாவாரிப் புறம்போக்கிலும் குன்றடிவாரத்திலும் தானாக வளரும். கடுக்காய் மரம் மலைக்காட்டைச் சேர்ந்தது. ஜவ்வாது, கல்வராயன், கொல்லி, சேர்வராயன் மலைகளில் மரத்தடியில் உதிர்ந்த காயைப் பொறுக்கி, உலர்த்தி, தலைச்சுமையாக அடிவாரத்துக்குக் கொண்டுவந்தவர்கள் மலைமக்கள். நூற்றாண்டுகளாகச் சாயத்துக்கும் மருந்துக்கும் பொறுக்கிய பொருள்தான். ஏற்றுமதித் தொழில் பெருகியபோது அதற்குச் சந்தை விலை வந்தது. விலை வந்த அதே காலத்தில், பொறுக்கியவர்களின் கையிலிருந்து காடும் போனது.

யாரையும் கேட்காமல் கைமாறிய மலை

ஜவ்வாது மலையின் பெரும்பான்மைக் குடிகள் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். கேரளத்தோடு அவர்களுக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்கிறவர்கள், தமிழ் பேசுகிறவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அவர்கள் 3,57,980 பேர். மாநிலப் பழங்குடிகளில் மிகப் பெரிய சமூகம். மூதாதையர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறினர் என்று அவர்களுடைய வாய்மொழிக் கதைகள் சொல்கின்றன. இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் குறித்து 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலும் அக்கதைகள் பதிவாகியுள்ளன.

இந்தக் கதையைக் காட்டி, ‘அப்படியானால் இவர்கள் எப்படிப் பூர்வகுடிகள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் வந்தவர் யார் என்பதை வைத்து இந்த உரிமையை அளக்க முடியாது. வெள்ளையர் அரசு வந்து எல்லைக்கல் நடுவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே அவர்கள் அந்த மலையில் ஊர் கட்டி, காடு திருத்தி, தங்களுக்கென்று ஊர்க்கவுண்டர், நாட்டார் என்ற பொறுப்புகளை வைத்து வாழ்ந்தார்கள். யாருக்கு எந்தச் சரிவு, எந்த ஆண்டு எதைத் தரிசாக விடுவது, எந்த மரத்தை வெட்டக் கூடாது என்பதற்கெல்லாம் அவர்களிடம் முறை இருந்தது. இந்த முறையையும் இந்த நில அனுபவ உரிமையையும் அழித்ததுதான் அநீதி. மலையடிவாரத்தில் செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தொகுத்துத் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1972இல் வெளியிட்டார். பல்லவர் காலத்திலிருந்தே இந்த அடிவாரம் ஆளரவமற்ற வனமாக இருந்ததில்லை என்பதற்கு அந்தக் கற்கள் போதும்.

இந்த மலைகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது இரண்டு காகிதங்களால். 1792இல் திப்பு சுல்தானுடன் செய்த உடன்படிக்கையில் பாராமகால் பகுதி கிடைத்தது. திருப்பத்தூர், வாணியம்பாடிப் பக்கம் அதோடு சேர்ந்து வந்தது. 1801இல் ஆற்காட்டு நவாபின் ஆட்சியுரிமை பறிக்கப்பட்டு வட ஆற்காடு முழுவதும் கம்பெனிக்குப் போனது. ஆற்காட்டு முற்றுகையும் வேலூர்ப் புரட்சியும் நம் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. அந்தக் கைமாற்றங்களில் மலைக்குடிகளின் பெயர் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. அவர்கள் தோற்கவில்லை, சரணடையவும் இல்லை. அவர்களுடைய நிலம் யாரோ இருவருக்கு இடையே நடந்த கணக்குத் தீர்வில் சேர்ந்து போயிற்று.

சமவெளியில் இன்னொரு சமூகம் இருளர். பாலாற்றுப் படுகையிலும் ஏரிக்கரைகளிலும் புதர்க்காடுகளிலும் வாழ்ந்து, தேன் எடுத்து, வயலில் எலி பிடித்து, மூலிகை சேகரித்துப் பிழைத்தவர்கள். 2011 கணக்கில் 1,89,661 பேர். ஓர் ஊரின் எல்லைக்குள் இருந்தும் எந்த ஊரின் கணக்கிலும் சேராதவர்களாக அவர்கள் வாழ்ந்தார்கள். பட்டா, வரி, குத்தகை என்று நிலத்தை எழுதத் தொடங்கிய ஆட்சியில், எழுதப்படாத அனுபவம் எதுவும் உரிமையாகக் கணக்கில் வரவில்லை.

1856: ரயிலும் வனத்துறையும்

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜா ரோடு வந்து நின்றது. மேல்விஷாரத்துக்கு அருகிலுள்ள நிலையம் அது. பின்னர் அந்தப் பாதை காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று மலையடிவாரத்தை ஒட்டி மேற்கே நீண்டு 1862இல் மேற்குக் கடற்கரையின் பேப்பூரைத் தொட்டது. தோல் மூட்டைகள் சென்னைக்கும் அங்கிருந்து கப்பலுக்கும் போக வழி பிறந்தது.

அதே 1856இல்தான் சென்னை மாகாணத்தில் வனத்துறையும் தொடங்கியது. ஹ்யூ கிளெக்ஹார்ன் என்ற மருத்துவர் அதன் முதல் காப்பாளர். தண்டவாளத்துக்குக் குறுக்குக் கட்டைகளும், எஞ்சினுக்கு விறகும் தேவைப்பட்டன. ரயில் எவ்வளவு மரத்தை விழுங்குகிறது என்று கவலையோடு எழுதியவரும் கிளெக்ஹார்ன்தான். ஆனால் அந்தக் கவலை கடைசியில் பாய்ந்தது மலைக்குடியின் மேல். கொத்துக்காடு என்று மலைமக்கள் சொல்லும், ஏர் ஏறாத சரிவில் கொத்திப் பயிரிடும் முறையும், சில ஆண்டுக்கு ஒருமுறை இடம் மாற்றும் புனக்காட்டு வேளாண்மையும் காட்டை அழிப்பவை என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். மரத்தைக் கேட்டது ரயில். குற்றவாளியாக நின்றது சாமை விதைத்தவன்.

மூன்று மாதக் கெடு

இந்திய அரசு 1878இல் கடுமையான வனச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வியப்பான செய்தி என்னவென்றால், சென்னை மாகாண அரசு அதை ஏற்க மறுத்தது. வருவாய் வாரியத்தின் அதிகாரிகள் 1871இலேயே எழுதியிருந்த வாதம் தெளிவானது. இந்த மாகாணத்தில் ஏதாவது ஓர் ஊரின் எல்லைக்குள் வராத காடு அநேகமாக இல்லை. அக்காடுகளில் ஊராருக்குத் தொன்றுதொட்டு உரிமை இருக்கிறது. அரசின் தனிச்சொத்து என்று சொல்ல எதுவும் இல்லை. வெள்ளை அதிகாரிகளே எழுதி வைத்த சாட்சியம் இது. காடு அரசுடையது என்பது இயற்கையான உண்மை அல்ல, ஒரு முடிவு மட்டுமே என்பதை அன்றைய ஆட்சியே அறிந்திருந்தது.

அந்த எதிர்ப்பு நீடிக்கவில்லை. ஜெர்மானிய வனவியலாளர் டீட்ரிச் பிராண்டிஸ் 1881இல் சென்னைக்கு அனுப்பப்பட்டார். மறு ஆண்டே 1882ஆம் ஆண்டின் 5ஆம் சட்டமாகச் சென்னை வனச் சட்டம் பிறந்தது.

அது இயங்கிய விதத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒரு மலையைப் பறிக்கப் படை ஏன் தேவைப்படவில்லை என்பது விளங்கும். இந்த நிலத்தைக் காப்புக்காடாக ஆக்கப்போகிறோம் என்று அரசு முதலில் கெஜட்டில் அறிவிக்கும். உரிமைகளை விசாரிக்க ஒரு வன நிர்ணய அலுவலர் அமர்த்தப்படுவார். உரிமை கோருகிறவர்கள் மூன்று மாதத்துக்குக் குறையாத ஒரு கெடுவுக்குள் எழுத்து மூலமாகவோ நேரிலோ வந்து சொல்ல வேண்டும். கெடு முடிந்து, விசாரணை முடிந்து, இறுதி அறிவிக்கை வெளியானால், கோரப்படாத உரிமைகள் அனைத்தும் அற்றுப்போகும். அதன் பிறகு அந்த எல்லைக்குள் மரம் வெட்டுவது, மாடு மேய்ப்பது, தீ வைப்பது, பட்டை உரிப்பது எல்லாமே அனுமதியின்றிச் செய்தால் குற்றம்.

எழுத்தறியாத, வட்டத் தலைநகருக்கு வர நாள் முழுக்க நடக்க வேண்டிய ஒரு மலைக்குடிக்கு கெஜட் என்ன சொல்லியிருக்கும்? ஊருக்குப் பொதுவான கடுக்காய் மரத்தை, முறை வைத்துப் பயிரிட்ட சரிவை, தெய்வத்துக்கு விட்ட சோலையை அவர் யாருடைய பெயரில், எந்தச் சான்றோடு கோரியிருக்க முடியும்? தனி ஆள் சொத்தை மட்டுமே அறிந்த சட்டத்தின் முன் ஊர்ப்பொதுவுக்கு வாய் இல்லை. ஊர்கள் காப்புக்காட்டின் நடுவே தீவுகளாக வரையப்பட்டன. நேற்று வரை காட்டின் குடியாக இருந்தவர், அறிவிக்கை வந்த நாளிலிருந்து தன் வீட்டு வாசலுக்கு வெளியே அத்துமீறுபவர் ஆனார்.

சென்னை மாகாணத்துக்கு வெளியே நடைமுறையில் இருந்த 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் விளக்கப் பிரிவில், வன விளைபொருள் எவை என்ற பட்டியலில் மரப்பட்டையும் கடுக்காயும் பெயரோடு இடம்பெற்றிருக்கின்றன. தோல் தொழிலுக்கு உயிரான இரண்டு சரக்குகளையும் அன்றைய ஆட்சி எப்படிப் பார்த்தது என்பதற்கு இது சான்று. சிறுவனப் பொருள்களைச் சேகரிக்கும் உரிமை ஏலத்துக்கு வந்தது. எடுத்தவர் ஒப்பந்தக்காரர், பொறுக்கியவர் அதே மலைக்குடி, இப்போது கூலியாக. கடுக்காயின் விலை மண்டியில் ஏறினாலும் இறங்கினாலும் மலையில் கிடைத்தது கூலி மட்டும்.

சீகை மரத்தின் பயணம்

இந்தக் கதை ஜவ்வாது மலையோடு நிற்கவில்லை. ஆவாரம் பட்டை போதாமல் போனபோது தோல் ஷாப்புகள் வெளிநாட்டு வாட்டில் பட்டைக்கு மாறின. நீலகிரியில் சீகை மரம் என்று சொல்கிறார்களே, அந்த மரத்தின் பட்டை. ஆவாரையைவிட அதில் துவர்ப்புச் சத்து அதிகம். வேலையும் சீக்கிரம் முடியும்.

மரத்தின் தாயகம் ஆஸ்திரேலியா. அங்கே அது வளர்ந்த நிலம் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று சொல்லி பிரிட்டன் எடுத்துக்கொண்ட பூர்வகுடிகளின் நிலம். 1864இல் அதன் விதை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனது. ஜூலு மக்களின் நாட்டில் கிரேட்டவுன் சுற்றுவட்டாரம் வாட்டில் தோப்புகளின் களமாயிற்று. 1879இல் ஜூலு அரசு போரில் வீழ்த்தப்பட்டது. தலைவரிக்கு எதிராக 1906இல் தலைவர் பம்பாத்தா எழுந்தது அதே கிரேட்டவுன் பகுதியில்தான். 1913இல் வந்த நிலச் சட்டம் தென்னாப்பிரிக்காவின் பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு மொத்த நிலத்தில் ஏறக்குறைய 7 விழுக்காட்டை மட்டும் ஒதுக்கியது.

அதே நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். முதல் கப்பலான ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதிகம் பேரை அனுப்பிய மாவட்டங்களில் ஒன்று நம் வட ஆற்காடு. கரும்புத் தோட்டங்களிலும் பிற பண்ணைகளிலும் அவர்கள் உழைத்தார்கள். ஆஸ்திரேலியப் பூர்வகுடியின் மரம், ஜூலுவின் நிலம், வட ஆற்காட்டுக் கூலியின் புலம்பெயர்வு, கடைசியில் மூட்டையாகத் திரும்பிய பட்டை என்று, பேரரசு தன் பிடியிலிருந்த நாடுகளை ஒரே வணிகச் சங்கிலியில் கோத்திருந்தது. ஒவ்வொரு கண்ணியிலும் யாரோ ஒருவருடைய நிலம் அடியில் இருந்தது.

அந்தச் சங்கிலி விடுதலைக்குப் பின்னும் அறுபடவில்லை. இறக்குமதியைக் குறைக்க வேண்டும் என்று நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிகளில் சீகை மரத்தை அரசே பெருமளவில் நட்டது. அந்தப் புல்வெளிகள் தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம். அவர்களுடைய கோயில்களும் வழிபாடும் அந்த நிலத்தோடு பிணைந்தவை. 1819இல் நீலகிரிக்கு வந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனே இந்த மலை தோடர்களின் உடைமை என்று மேலதிகாரிகளிடம் வாதாடியிருக்கிறார். அவர் பேச்சு எடுபடவில்லை. மரமில்லாத நிலம் தரிசு என்ற வெள்ளையர் கணக்கை நம் வனத்துறையும் அப்படியே எடுத்துக்கொண்டது. சீகை மரம் புல்வெளியை மூடி, ஓடைகளை வற்றச் செய்து, இன்று அந்நியத் தாவரம் என்ற பட்டியலில் நிற்கிறது. இத்தகைய அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்று மாநில அரசு 2022இல் தனிக் கொள்கையே வகுக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 2,000 பேர் மட்டுமே உள்ள தோடர் சமூகம், வேலூரிலும் ஆம்பூரிலும் பதனிடப்பட்ட தோலுக்காகத் தன் மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதியை இழந்தது.

பாம்புத் தோலும் பத்ம விருதும்

இருளர்களின் வாழ்விலும் தோல் வணிகம் ஓடியது. ஐரோப்பியப் பெண்களின் கைப்பைக்கும் காலணிக்கும் பாம்புத் தோல் தேவைப்பட்ட காலத்தில், பாம்பின் தடத்தை மண்ணில் படிக்கத் தெரிந்த இருளர்கள் அதைப் பிடித்துக் கொடுத்தார்கள். வணிகர் கொடுத்தது சொற்பம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பின்னர் ஏற்றுமதியும் தடைபட்டது. காட்டுயிருக்கு அது நல்ல காரியம்தான். ஆனால் தோலால் பணம் சேர்த்தவர்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். பிடித்துக் கொடுத்தவர்கள் பட்டினியோடு குற்றவாளிகளும் ஆனார்கள். 1978இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தபோதுதான் அந்த அறிவுக்கு மதிப்பான வழி பிறந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து, பாம்பை மீண்டும் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் நஞ்சுமுறி மருந்துக்கு அது மூலப்பொருள். அச்சமூகத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

சங்கத்துக்கு வெளியே உள்ள பெரும்பான்மை இருளர்களின் நிலை வேறு. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகள் மீட்கப்பட்டார்கள். வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடந்த படத்தை நாடே பார்த்தது. சொற்பக் கடனுக்காகக் குடும்பம் குடும்பமாக உழைத்தவர்கள் அவர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். காடும் இல்லை, பட்டாவும் இல்லை, எஸ்.டி. சான்றிதழும் இல்லை என்ற நிலையில் முன்பணம் கொடுக்கிறவர்தான் ஒருவருக்கு அரசு, அவர்தான் நீதிமன்றம்.

1992 ஜூன்

1992 ஜூன் 3 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பூர்வகுடிகள் வாழ்ந்த நிலத்தை யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று கொண்ட கோட்பாடு தவறு. அவர்களுடைய நில உரிமை குடியேற்றத்துக்கு முன்பிருந்தே இருந்தது என்று அது ஏற்றுக்கொண்டது.

சரியாக 17 நாள் கழித்து, ஜூன் 20 அன்று, தருமபுரி மாவட்டம் அரூர் அருகே சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி என்ற மலையாளிப் பழங்குடியினரின் ஊருக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி நுழைந்தார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன, கிணற்றில் எண்ணெய் கொட்டப்பட்டது, மக்கள் அடிக்கப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள், 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரிகளும் துணை நிற்க, அந்தப் பெண்கள் 19 ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் அறிவித்தது; அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளி, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

சீருடையில் வந்தவர்கள் அனைவரும் நம் மாநிலத்தார், நம் மொழி பேசுகிறவர்கள். ஆனால் மலைக்குடியைப் பார்த்ததும் திருடன் என்று எண்ணும் பார்வை 1882இல் எழுதப்பட்டது. சந்தன மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தப் பட்டா நிலத்தில் தானாக முளைத்தாலும் அது அரசுடைமை என்ற விதி 2002 வரை தமிழ்நாட்டில் இருந்தது. தன் கொல்லையில் வளரும் மரமே தன்னைச் சிறைக்கு அனுப்பக்கூடும் என்ற நிலையில் ஒரு குடி எப்படிக் காட்டைக் காக்கும்? வெட்டச் சொல்லிப் பணம் கொடுத்த பெரும்புள்ளிகள் ஊருக்கு வெளியே இருந்தார்கள். பிடிபட்டவர்கள் கோடரி பிடித்தவர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவர்களில் பலர் ஜவ்வாது மலையிலிருந்தும் தருமபுரி மலைகளிலிருந்தும் போன மலையாளிகள்.

சட்டமே ஒப்புக்கொண்ட அநீதி

2006இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டத்தின் முன்னுரை, காலனிய காலத்திலும் விடுதலை இந்தியாவிலும் காடுகள் வரையறுக்கப்பட்டபோது வனவாழ் பழங்குடியினரின் உரிமைகள் முறையாக ஏற்கப்படவில்லை என்றும், அது வரலாற்று அநீதி என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து பயிரிட்டு வரும் நிலத்தில் 4 ஹெக்டேர் வரை உரிமை, சிறுவனப் பொருள்கள்மீது உடைமை, ஊர்ப்பொதுக் காட்டை நிர்வகிக்கும் உரிமை ஆகியவற்றை அது தருகிறது. உரிமைகளை முதலில் விசாரிக்கும் அதிகாரம் கிராம சபைக்கு. 1882இன் நிர்ணய அலுவலர் இருந்த இடத்தில் ஊர் அமர்கிறது.

தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் நீண்ட காலம் முடங்கியது. 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டயம் வழங்குவது தடைபட்டு, 2016இல்தான் உச்ச நீதிமன்றத்தில் வழி பிறந்தது. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லாததால், அத்தகைய பகுதிகள் உள்ள மாநிலங்களில் பழங்குடிகளுக்கு 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் தரும் சுயாட்சிக் காப்பும் இங்கே கிடையாது. ஜவ்வாது மலைக்கு இருக்கும் ஒரே வலுவான பிடி இந்த 2006ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

மாற்றம் எதுவும் இல்லை என்று சொல்வது மலைமக்களின் உழைப்பை மறுப்பதாகும். ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் சாமையும் தேனும் புளியும் கூட்டுறவாக விற்கப்படுகின்றன. அதே மலையின் புலியூரைச் சேர்ந்த ஒரு பழங்குடிப் பெண் 2024இல் சிவில் நீதிபதித் தேர்வில் வென்றார். எந்தச் சட்டம் அவருடைய மூதாதையரை அத்துமீறியவர்கள் ஆக்கியதோ, அந்தச் சட்டம் இருக்கும் நாட்டிலேயே நீதி சொல்லும் இருக்கைக்கு அவர் தகுதி பெற்றார்.

ஆனால் தனி வெற்றிகள் பொது உரிமைக்கு ஈடாகா. செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. தனி ஆளுக்கான நிலப் பட்டயத்தோடு அரசு நிற்கக் கூடாது; ஜவ்வாது, ஏலகிரி, சித்தேரி மலைகளின் ஒவ்வொரு ஊருக்கும் அதன் எல்லைக்குட்பட்ட காட்டின் மீதான சமூக உரிமையைக் கிராம சபை வழியாக வழங்க வேண்டும். ஏரிக்கரை இருளர்களுக்குச் சாதிச் சான்றும் வீட்டுமனைப் பட்டாவும் அலையவிடாமல் கிடைக்க வேண்டும். 1882ஆம் ஆண்டுச் சட்டத்தை 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஏற்பத் திருத்தி எழுத வேண்டும்.

தோல் நகரங்களுக்கும் இதில் கடமை உண்டு. குரோமியக் கழிவால் பாலாறு கெட்டபோது, கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆற்றுக்குச் சொன்ன அந்த நியாயம் மலைக்கும் பொருந்தும். இந்த ஊர்களில் தோல் வணிகத்தின் ஈட்டத்தால் பள்ளிகளும் கல்லூரிகளும் எழுந்தன. மேல்விஷாரத்தின் கல்வி நிறுவனங்கள் அதற்குப் பெருமைமிக்க சான்று. அந்தக் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்கள் பழைய மண்டிக் கணக்குகளையும் வனத்துறை ஏலப் பதிவுகளையும் ஜவ்வாது மலை முதியவர்களின் நினைவுகளையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். முதியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். மலைப்பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரிகளில் இடமும் விடுதியும் உதவித்தொகையும் ஒதுக்குவது தர்மம் அல்ல, கடனைத் தீர்ப்பது.

வெள்ளையர் போய் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவர்கள் எழுதிய 1882ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் ‘தமிழ்நாடு வனச் சட்டம்’ என்ற பெயரில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மலைக்குடிகளைப் பொறுத்தவரை, அந்தச் சட்டம் மாறுகிற நாளில்தான் காலனிய ஆட்சி முடிகிறது.